வீட்டு மாமரத்தில் பழ ஈ: காய் புழுக்காமல் காப்பது எப்படி?

கிருஷ்ணகிரிப் பக்கம் கொல்லையில் ஒரு மாமரம் இருக்கிற வீடுகள் நிறைய. செந்தூரா, பங்கனபள்ளி வரைக்கும் ஆசையாகச் சாப்பிடுவோம். நீலம் பழுக்கிற நேரம் அறுத்தால் உள்ளே புழு. மழை தலைகாட்டிய பிறகு வரும் கடைசிக் காய்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மரத்துக்கு மருந்தடிக்காமலே இதைப் பெருமளவு குறைக்கலாம்.

முதலில் அடையாளம். பழ ஈ கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவுதான், உடம்பில் பழுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். முற்றிய காயின் தோலில் முள் குத்தியது போல ஒரு புள்ளியும் அதில் பிசின் துளியும் தெரிந்தால், பெண் ஈ அங்கே முட்டை வைத்திருக்கலாம். அந்த இடத்தைக் கத்தியால் சீவிப் பாருங்கள். வெள்ளைப் புழுக்கள் நெளியும். வளர்ந்த புழு உடம்பை வளைத்துத் துள்ளவும் செய்யும்.

படி 1: உதிர்ந்த காயைப் பொறுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வளர்ந்த புழு பழத்தைவிட்டு வெளியேறி, மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, பத்து நாள் வாக்கில் ஈயாகக் கிளம்பும். ஆகவே தினமும் காலையில் பொறுக்கிவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் அங்கேயே ஈ பெருகும். கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். இல்லையென்றால் இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள்.

படி 2: மரத்தடி மண்ணை அவ்வப்போது லேசாகக் கொத்திவிடுங்கள். மேலே வரும் கூட்டுப்புழு வெயிலில் காயும். வீட்டில் கோழி இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

படி 3: பொறி. உரக்கடையில் பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் கட்டை (ஈயை வாசனையால் இழுக்கும் சிறு கட்டை) கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியில் எதிரெதிராக விரல் நுழையும் அளவு ஓட்டைகள் போட்டு, கட்டையைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். தலை உயரத்தில், நிழலான கிளையில் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு சேரும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த வாசனைக்கு வருவது ஆண் ஈ மட்டும். பொறியைக் கட்டியாச்சு என்று முதல் படியை விட்டுவிட்டால் பலன் கிடைக்காது.

படி 4: கைக்கு எட்டும் காய்களுக்கு, அவை முற்றுவதற்கு முன்பே செய்தித்தாள் பை மாட்டிவிடுங்கள். முற்றியதும் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். மரத்திலேயே பழுக்கவிட வேண்டாம்.

பக்கத்து வீட்டிலும் மாமரம் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈ வேலி தாண்டி வரும். தோப்பு அளவுக்குச் செய்ய வேண்டுமென்றால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.