‘ஸ்டீல்’ என்றால் களவு மட்டுமா?

திருநெல்வேலிச் சந்தை வாசலில் விட்ட சைக்கிள் களவு போனதென்று ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதிய என் மருமகன், ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்று தொடங்கியிருந்தான். அவனையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றல்லவா பொருள்! களவெடுப்பதைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ (steal) என்ற சொல்லிலிருந்து வரும் ‘ஸ்டோலன்’, களவு போன பொருளுக்குத்தான் வரும்; ஆளை மறித்துப் பறித்தால் அந்த ஆள் ‘ராப்ட்’. ஆகவே ‘மை பைசிக்கிள் வாஸ் ஸ்டோலன்’ என்று எழுத வேண்டும்.

விலை சொல்பவர் ‘இட்ஸ் எ ஸ்டீல்’ என்றால் களவுச் சாமானோ என்று பதற வேண்டாம். கொள்ளை மலிவு என்கிறார். (நாமும் கொள்ளையைத்தானே இழுக்கிறோம்!) ‘ஸ்டீல் எ கிளான்ஸ்’ கள்ளப்பார்வை. கோயில் மேளச்சமாவில் ஒரு தவில்காரர் மற்றவர்களை மறக்கடித்துவிட்டால், அது ‘ஸ்டீல் த ஷோ’. உருக்கைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ உச்சரிப்பில் மட்டும் ஒன்று. ஆங்கில எழுத்து வேறு.