கட்டாக்காலி நாயை ஏற்றிச் சென்று வீட்டில் வைத்துப் பராமரித்தல்: முதன்முறை முன்வருவோருக்கான செய்முறை

கடந்த 4 ஆண்டுகளில் 11 கட்டாக்காலி நாய்கள் எங்கள் வளவில் தங்கி, காயம் ஆறி, வேறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அடிபட்ட நாயைக் கண்டு இரங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை மிருக வைத்தியரிடம் ஏற்றிச் செல்லவும், நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்க்கவும்தான் ஆட்கள் போதாமல் இருக்கிறார்கள். கருத்தடை செய்த பெட்டை நாய்க்குக்கூடத் தையல் ஆறும்வரை 10 முதல் 14 நாட்கள் ஓடாமலும் நனையாமலும் இருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்க விரும்பியும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கான ஆயத்தம். அடிக்கடி நாய்களைத் தூக்கப் போகிறவர்கள் நீர்வெறுப்பு நோய்க்கான முற்காப்புத் தடுப்பூசியைப் பற்றி வைத்தியரிடம் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி அது ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுவது. அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொருள்களில் நான் விட்டுக்கொடுக்காதது கழுத்துப்பட்டி. சாதாரணப் பட்டியை நான் இப்போது வாங்குவதே இல்லை. இழுத்தால் மட்டும் ஓரளவுக்கு இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் பட்டியே வேண்டும். பந்தய ஓட்டத்திலிருந்து மீட்கப்படும் கிரேஹவுண்ட் நாய்களை வளர்ப்பவர்கள் இதையே போடுகிறார்கள், ஏனென்றால் அந்த நாய்களின் கழுத்து தலையைவிடப் பருமனானது. பின்னோக்கி ஓர் இழுப்பு இழுத்தால் சாதாரணப் பட்டி காதுகளைத் தாண்டிக் கழன்றுவிடும். மெலிந்து ஒடுங்கிய முகத்தோடு வரும் நம் ஊர் நாய்க்கும் இது அப்படியே பொருந்தும். இதோடு, சுருக்குப் போடக்கூடிய பருத்திக் கயிறு ஒன்று இரண்டாவது பிடியாக இருக்க வேண்டும். நைலோன் கயிறு கையை அறுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறுகளைப் பயந்த நாய்க்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குட்டிகளுக்கு விலை கூடிய கூடு தேவையில்லை. மரக்கறிக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்ரிக் கூடை ஒன்றின்மேல் இன்னொன்றை வாயோடு வாய் பொருந்தக் கவிழ்த்து, நான்கு மூலைகளிலும் கேபிள் டை போட்டால், எல்லாப் பக்கமும் காற்றோட்டமுள்ள பெட்டி ஆயத்தம்.

ஏற்றும்போது பழைய படுக்கை விரிப்பை நாய்க்கு அருகில் விரித்து, அதன்மேல் மெல்ல நகர்த்தி, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். எவ்வளவு சாதுவான நாயும் எலும்பு முறிந்த வலியில் கடிக்கும் என்பதால் துணிக் கீலத்தால் வாயைக் கட்ட வேண்டிவரலாம். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும், வெயிலில் மூச்சு இளைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் அதைச் செய்யக்கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக்கொண்டு போவதை நான் ஏற்பதில்லை. ஓட்டோதான் நல்லது, அதிலும், திறந்திருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் அமர வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை போன்ற தூர இடத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால், யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதியின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டியிருக்கும். வெயிலுக்கு முன்னர் பெருந்தூரம் போய்விடும்படி இரவிலே புறப்படுங்கள், புறப்படுவதற்கு நான்கைந்து மணித்தியாலங்களுக்கு முன்னரே உணவை நிறுத்துங்கள், வழியில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் சாரதி நிறுத்தாமல் போகமாட்டார். எல்லோரும் இறங்குவார்கள், தேங்காய் உடையும் சத்தம் கேட்கும், கச்சான் விற்பவர்கள் கதவருகே வருவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வாகனத்துக்குள்ளேயே கயிற்றைக் கையில் சுற்றியபடி இருக்க வேண்டும், நாய் இறங்கவே கூடாது.

இனி, நான் தவறிய படிக்கு வருகிறேன்.

என்னிடம் வந்த மூன்றாவது நாய் செம்பி. கொக்குவிலில் பின்னங்காலில் அடிபட்டுக் கிடந்த அவளை வைத்தியரிடம் காட்டி, கட்டுப் போட்டு, ஓட்டோவில் வீடுவரை கொண்டுவந்துவிட்டோம். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் படலையைத் திறக்க நான் இறங்கினேன். “அண்ணை, ஒருக்கால் பிடியுங்கோ” என்று கயிற்றைச் சாரதியிடம் கொடுத்த அந்தக் கணத்தில் பின்னால் வந்த வாகனம் ஹோர்ன் அடித்தது. செம்பி தலையைத் தாழ்த்திப் பின்னோக்கி இழுத்தாள். பட்டி சாரதியின் கையில் மிஞ்சியது; மூன்று காலில் அவள் ஒழுங்கைக்குள் ஓடி மறைந்தாள். மூன்றாம் நாள் காலை, யாரும் குடியிருக்காத வளவொன்றில் காவோலைக் குவியலின் கீழ் அவளைக் கண்டோம். கட்டு முழுவதும் சேறு படிந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி ஒன்றுதான்: நாய்க்கும் வீதிக்கும் இடையில் எந்தக் கணத்திலும் இரண்டு அடைப்புகள் இருக்க வேண்டும். ஓட்டோவை வளவுக்குள் விட்டு, படலையைச் சாத்தி, கொளுக்கியைப் போட்ட பின்னரே நாயை இறக்க வேண்டும். பட்டியில் ஒரு கயிறு, சுருக்கில் இன்னொரு கயிறு, இரண்டும் உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ இருக்க வேண்டும். வேறொருவரிடம் மாற்றிக் கொடுக்கவே கூடாது. ஓட்டோ நுழைய முடியாத ஒடுக்கமான படலையாக இருந்தால், வீட்டிலிருந்து ஒருவர் முன்னரே வந்து திறந்து நிற்க வேண்டும். அப்படியும் நாய் தப்பினால் பின்னால் ஓடாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். துரத்தப்படும் நாய் தூரம்தான் போகும். அது படுத்திருந்த விரிப்பையும் சிறிது உணவையும் தப்பிய இடத்தில் வைத்து, அதிகாலையிலும் இருட்டிய பிறகும் அமைதியாக வந்து பாருங்கள். செம்பி விரிப்பின் மணத்துக்குத்தான் எழுந்து வந்தாள்.

வீட்டுக்குள் முதல் மூன்று நாட்களும் விறாந்தையின் ஒரு மூலை போதும். பட்டினி கிடந்த நாய்க்கு இரக்கத்தால் ஒரு கோப்பை நிறையச் சோறும் மீன்குழம்பும் வைப்பது ஆபத்தானது. நீண்ட பட்டினிக்குப் பின்னர் திடீரெனப் பெருமளவு உண்டால் இரத்தத்தில் பொஸ்பரஸ் சடுதியாகக் குறைந்து இதயமே தடுமாறலாம். குழம்பில் உள்ள வெங்காயமும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். உப்பும் உறைப்பும் இல்லாமல் அவித்த கோழியும் குழைந்த சோறுமாக, நாளுக்கு ஐந்தாறு தடவை சிறிதளவு கொடுங்கள். வலிக்கு மனிதருக்கான மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சொறிக்குக் கழிவு ஒயிலும் உண்ணிக்கு மண்ணெண்ணெயும் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். இரண்டுக்கும் மிருக வைத்தியரிடம் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

உங்கள் சொந்த நாயிடமிருந்து புதியதை 14 நாட்கள் பிரித்து வையுங்கள். சொந்த நாய்க்கு முதலில் உணவு, புதியதற்குப் பிறகு; இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு செருப்பு. நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் கொடுக்கும் பார்வோ வைரசு மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது.

பிற்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தில் தரையைக் குளோரின் கரைசலால் கழுவும்படி மட்டும் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், தன் வீட்டில் நாய் கட்டும் இடம் கிணற்றடியில் இருப்பதாகச் சொல்லி, அங்கும் அப்படிக் கழுவலாமா என்று கேட்டார். நம் குடாநாடு சுண்ணக்கல். மேலே ஊற்றுவது விரைவில் நிலத்தடி நீரை அடைந்துவிடும். ஆகவே நாயைக் கிணற்றிலிருந்து தள்ளிச் சீமெந்துத் தரையில் வையுங்கள். மலத்தை அள்ளி அகற்றிய பின்னர், ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்துத் துணியால் துடைத்தால் போதும்; வாளி வாளியாக ஊற்ற வேண்டியதில்லை.

கடைசிப் படி ஒப்படைப்பு. தடுப்பூசி அட்டையும் அது படுத்த விரிப்பும் நாயோடு போக வேண்டும். புதிய வீட்டுக்கு நீங்களே நேரில் போய், வேலியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். செம்பியைச் சுன்னாகத்தில் விடப் போனபோது கிணற்றுப் பக்க வேலியில் நாய் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. வீட்டுக்காரரும் நானுமாக இரண்டு கிடுகுகளை வைத்துக் கட்டி முடிக்கும்வரை இரு கயிறுகளும் என் இடுப்பிலேயே இருந்தன. அவள் என் காலடியில் அந்த விரிப்பின்மேல் படுத்திருந்தாள்.