பழைய டாங்கி மாடலுக்கு ரேடியோ கட்டுப்பாடு

1/35 அளவுப் பழைய டாங்கி மாடலில் ஒற்றை மோட்டார்தான் இருக்கிறதா? முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். டாங்கி திரும்ப வேண்டுமானால் இரு பக்கச் சங்கிலிகளும் வெவ்வேறு வேகத்தில் ஓட வேண்டும். ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக என்20 எனப்படும் சிறிய கியர் மோட்டார்களைப் பொருத்துங்கள். ரிமோட்டில் மிக்சிங் வசதி (ஒரு குச்சியின் அசைவை இரு மோட்டார்களின் வேகமாகப் பிரித்துத் தருவது) இருந்தால் ஒரே குச்சியால் ஓட்டலாம்.

பலரும் கவனிக்காதது வினைல் சங்கிலியை. அதை வளைந்துகொடுக்க வைக்கும் மென்மையாக்கி என்ற வேதிப்பொருள் கசிந்து, சங்கிலி தொடும் இடத்தில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிப் பள்ளமாக்கிவிடும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். திருநெல்வேலிக் கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஓட்டாத நாட்களில் சங்கிலியைக் கழற்றித் தனியே வையுங்கள்.

தாமிரபரணி மணலில் இறக்கும் ஆசை யாருக்கும் வரும். கியர்ப் பெட்டியை மூடாமல் மட்டும் இறக்காதீர்கள்.