கேப் டவுன் வானவில் கொண்டாட்டம்: திரும்பும் வழியிலிருந்து தொடங்குங்கள்

டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து கேப் டவுனின் பிரைட் ஊர்வலத்துக்கும் (ஒருபால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோரின் பெருமைக் கொண்டாட்டம்) கார்னிவல் எனும் தெருத் திருவிழாவுக்கும் வரும் தமிழர்கள் முதலில் கேட்பது "அங்கே பயமில்லாமல் ஆடலாமா?" என்பதைத்தான். கூட்டத்தின் நடுவில் தாராளமாக ஆடலாம். அங்கே தொண்டர்கள் நிற்பார்கள், போலீஸ் நிற்கும், பக்கத்தில் நிற்பவரும் உங்களைப் போலத்தான் இருப்பார். சிக்கல் எல்லாம் ஓரங்களில்தான். வந்து இறங்கும் இடம், கூட்டம் கலைந்தபின் நடக்கும் சந்து, இரவு பதினொரு மணிக்கு வண்டிக்காக நிற்கும் முனை. அதனால் என்ன உடுத்துவது என்று யோசிக்கும் முன்பே எப்படித் திரும்புவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

எந்தச் சனிக்கிழமை?

கொண்டாட்டக் காலம் ஜனவரி 2 வாக்கில் தொடங்குகிறது. "இரண்டாம் புத்தாண்டு" எனப்படும் அந்த நாளில் க்ளோப்ஸே எனப்படும் ஆட்டபாட்டக் குழுக்கள் பான்ஜோவும் பளபளக்கும் சட்டையுமாக ஊர்வலம் வரும். அடிமைக் காலத்தில் புத்தாண்டின் மறுநாள்தான் ஓய்வு; அதிலிருந்து முளைத்த விழா இது. இந்தக் குழுக்களுக்கு முன்னால் பெண்வேடத்தில் ஆடி வருபவரை "மொஃபி" என்பது பழைய வழக்கம். குழுவுக்குள் அது பாத்திரத்தின் பெயர், வெளியாள் வாயில் வசவு. நீங்கள் சொல்லாதீர்கள்.

கேப் டவுன் பிரைட் ஊர்வலம் வழக்கமாக பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் முதல் வாரச் சனிக்கிழமையில் வரும். கேப் டவுன் கார்னிவல் மார்ச் நடுவில், அதுவும் சனிக்கிழமைதான். இரண்டுமே கிரீன் பாயிண்ட், சாமர்செட் சாலை வட்டாரத்தில் நடப்பவை. பாதையும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தபின் விமானச் சீட்டு எடுங்கள். ஒரு வாரக்கடைசிதான் கிடைக்குமென்றால் பிரைட். அம்மாவையும் பாட்டியையும் முதல் முறை கூட்டி வருவதென்றால் கார்னிவல். அது குழந்தை குட்டியோடு வருகிற கூட்டம், பெரியவர்கள் கூச்சமின்றி ரசிக்கலாம். பிரைட் இரவு விருந்துக்குப் பாட்டியை நேராகக் கூட்டிப்போவது பாட்டிக்கும் சங்கடம், உங்களுக்கும்.

தங்குமிடம்

ரைலண்ட்ஸ், கேட்ஸ்வில் பக்கம் உறவினர் வீடு இருந்தால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனால் விழா இடம் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி. சாமர்செட் சாலை மூடியிருக்கும் இரவில் வண்டி கிடைப்பது பெரும்பாடு. முடிந்தால் அந்த ஒரு இரவு மட்டும் டி வாட்டர்கண்டிலோ கிரீன் பாயிண்டிலோ அறை எடுங்கள். நடந்தே போய் நடந்தே வரலாம். அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. டி வாட்டர்கண்ட் தெருக்கள் கல் பாவியவை, மேடு பள்ளம். குதிகால் செருப்பு போட்டவர்களின் கணுக்கால் இங்கேதான் பிசகும். ஊர்வலத்துக்குத் தட்டையான காலணி. குதிகாலைப் பையில் வைத்து, உள்ளே போனபின் மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு ஏற்ற உடை

டேபிள் மலை மேல் வெண்மேகம் போர்வை போல வழிந்தால் தென்கிழக்குக் காற்று அடிக்கிறது என்று பொருள். அன்று இறகுக் கிரீடம், அகல விசிறி, நீள முந்தானை எதுவும் தாங்காது. சேலை கட்டுவதானால் பருத்தி; சிஃபான் காற்றில் பாய்மரமாகிவிடும். தோளில் 2, மடிப்பில் 3, முந்தானையை இடுப்போடு சேர்க்க 2 என ஏழு ஊக்காவது வேண்டும். கரை தரையிலிருந்து மூன்று விரல் மேலே நிற்கட்டும். முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலங்கார லாரியின் பின்சக்கரம் அருகே நடக்கக் கூடாது. ரதம் இழுக்கும்போது சக்கரத்தருகே ஆள் விடாததற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். வேட்டிக்குப் பெல்ட். பொய்முடிக்கு அடியில் பிடிப்புப் பட்டை போட்டு, பத்து ஊசியாவது குத்துங்கள்.

வெயில் இங்கே கடுமை. முதலில் எஸ்பிஎஃப் 50 வெயில் தடுப்புக் களிம்பு, இருபது நிமிடம் காயவிட்டபின் முகச்சாயம். வரிசை மாறினால் சாயம் வழியும், தோல் வேகும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மறுபடி பூச வேண்டியிருப்பதால் உடம்பு முழுக்கச் சாயம் வேண்டாம். கன்னம், தோள் போதும். மினுக்குத் தூள் முகத்துக்கென்று விற்பதுதான் வாங்க வேண்டும். பள்ளிக் கைவினைத் தூள் கண்ணில் பட்டால் விழியைக் கீறும். தூளை ஒட்டுவதற்குக் கற்றாழைக் களிம்பு, கழுவுவதற்குத் தேங்காய் எண்ணெய். தைப்பூசத்துக்கு அலகு குத்திய இடம் முழுதாக ஆறியிருக்காவிட்டால் அதன்மேல் எதுவும் பூசாதீர்கள்.

திருநம்பிகளுக்கு ஒன்று. மார்பை இறுக்கும் பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்பது சும்மா உட்கார்ந்திருக்கும் நாளுக்கான கணக்கு. வெயிலில் ஆடும் நாளில் அதைப் பாதியாக்குங்கள், அல்லது ஒரு அளவு தளர்வானதைப் போடுங்கள். மூச்சு முட்டினால் கழற்றிவிடுவதுதான் மருந்து. பிளாஸ்டரும் கட்டுத்துணியும் சுற்றவே கூடாது. மூச்சுக்கு மூச்சு இறுகி விலா எலும்பைப் பதம் பார்க்கும்.

கேமரா

வீட்டுக்குச் சொல்லாதவர்களுக்கு இதுதான் பெரிய பயம். ஆப்பிரிக்காவின் முதல் பிரைட் ஊர்வலம் 1990 அக்டோபர் 13-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தபோது சிலர் காகிதப் பையால் தலையை மூடிக்கொண்டு நடந்தார்கள். இன்று 1996 அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது, 2006 முதல் ஒருபால் திருமணமும் செல்லும். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அத்தையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

பத்திரிகைக் கேமராக்கள் முதல் வரிசையையும் லாரி மேல் ஆடுபவரையும் குறிவைக்கும். முகம் வெளிவரக் கூடாதென்றால் நடு வரிசையின் நடுவில் நடங்கள். பெரிய கறுப்புக் கண்ணாடியோடு பாதி முகமூடி போதும், திருவிழாவில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பலர் மறப்பது இது: குடும்பத்தோடு பகிர்ந்த இணையச் சேமிப்புக் (மேகக்) கணக்கு உங்கள் கைபேசியில் இருந்தால் படங்கள் அந்த நொடியே அண்ணன் திரையில் ஏறிவிடும். தானாக ஏறுவதைக் கிளம்பும் முன்பே அணைத்துவிடுங்கள். பிறரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், பதிவேற்றும் முன் இன்னொரு முறை கேளுங்கள்.

கையில் என்ன, எங்கே

ஒரே ஒரு வங்கி அட்டை. அதன் நாள் வரம்பைச் செயலியில் குறைத்து வையுங்கள். சில்லறையாக 200 ரேண்ட். நிறுத்திய வண்டியைப் பார்த்துக்கொள்ளும் கார் காவலருக்குப் பத்து இருபது ரேண்ட் கொடுப்பது ஊர் வழக்கம். கைபேசி பின்பையில் இருந்தால் போனது போனதுதான். உடைக்கு உள்ளே கட்டும் இடுப்புப் பை வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது, அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடிக்கலாம். தெருவில் மது குடிப்பது குற்றம். வேலியிட்ட விழா வளாகத்துக்குள்தான். கஞ்சா பிடிப்பது 2018 அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் தனியிடத்தில் பெரியவர்களுக்குக் குற்றமில்லை, தெருவில் குற்றம். உங்கள் கோப்பையைப் பிறரிடம் கொடுத்துவிட்டுக் கழிவறை போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள்.

கூட்டத்தில் இணையம் படுத்துவிடும், குறுஞ்செய்தி பெரும்பாலும் போகும். சந்திக்கும் இடத்தை நுழைவாயிலில் வைக்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். 1824-இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கிரீன் பாயிண்ட் கலங்கரை விளக்கம் எவர் கண்ணுக்கும் தப்பாது. பகலில் அது நல்ல அடையாளம். இருட்டியபின் ஆள் நடமாட்டமுள்ள ஓட்டல் வாசல்தான் சரி.

ஆணுறை எடுத்துச் செல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையான பிரெப் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தினமும் ஒன்றாக ஏழு நாளாவது முன்பே தொடங்க வேண்டும், சிலருக்கு இன்னும் அதிக நாள், செவிலியரிடம் கேளுங்கள். எச்ஐவி தொற்றியிருக்குமோ என்று அஞ்சும்படி ஏதாவது நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய் பெப் எனும் அவசரத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 28 நாள் மாத்திரை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். டேட்டிங் செயலியில் அறிமுகமானவரோடு முதலில் வீடியோவில் பேசுங்கள், பிறகு விழாக் கூட்டத்துக்குள் சந்தியுங்கள். "என் அறைக்கு வா" என்று தொடங்குபவர்களை நம்பிப் போனவர்கள்தான் கொள்ளை கொடுத்திருக்கிறார்கள்.

கலையும் நேரம்

இசை நிற்பதற்கு முக்கால் மணி முன்பே கிளம்புங்கள். கடைசிப் பாட்டுக்கு நின்றால் வண்டிக் கட்டணம் எகிறும், சந்துகள் காலியாகும். பையில் ஒரு சாதாரணச் சட்டை இருக்கட்டும். வளாகத்தை விட்டு வெளியே வருமுன் அலங்காரத்தின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். மூடிய சாலைக்குள் ஊபர், போல்ட் வராது. வெளிச்சமும் காவலும் உள்ள வாட்டர்ஃபிரண்ட் எனும் துறைமுகக் கடைவளாகம் வரை நாலைந்து பேராகச் சேர்ந்து நடந்து அங்கிருந்து அழைப்பது நல்லது. வண்டி எண்ணைப் பாருங்கள், ஓட்டுநரே உங்கள் பெயரைச் சொல்லட்டும். மைசிட்டி எனும் நகரப் பேருந்தில் ஓட்டுநரிடம் காசு கொடுத்து ஏற முடியாது, நள்ளிரவில் அதை நம்பவும் வேண்டாம். கைபேசியில் அவசரத்துக்கு 112, போலீசுக்கு 10111. அறைக்குப் போனவர்கள் எல்லோரும் குழுவில் ஒரு வரி போடுங்கள், மினுக்கைக் கழுவும் முன்.