கீர்த்தனையை ராக்கில் வாசிக்கும் முன்: பெங்களூரு குழுக்களுக்கு ஒரு செய்முறை

சாஸ்திரிய உருப்படிகளை ராக் குழு எடுத்து வாசிக்கலாமா என்று மல்லேஸ்வரத்துச் சபாவில் கேட்டால் ஒரு பதில் வரும், இந்திராநகர் பப்பில் கேட்டால் நேர்மாறான பதில் வரும். இரண்டுமே அவசரப் பதில்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அந்தப் பக்கம், முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு எழுதிய 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' 1922-இல் ராவேல் கையில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய், 1971-இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் ஹேமண்ட் ஆர்கனுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூரிலேயே அகம் குழு தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா'வை ராக்கில் பாடி, அதற்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. தொடலாமா என்பது தீர்ந்த கேள்வி. அந்த உருப்படியில் எதைத் தொடக்கூடாது என்று முதல் ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதைச் செய்யாத குழு கீர்த்தனைக்கு டிரம்ஸ் மட்டும் சேர்த்துவிட்டு ஃப்யூஷன் என்று போஸ்டர் அடிக்கும்.

கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், ஒரு பாடகர் அல்லது வயலின், ஒரு மிருதங்கம் என்ற அமைப்பை மனதில் வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன.

உருப்படியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பாட்டை ஒரே வாத்தியத்தில், தாளமோ கார்டோ (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) இல்லாமல் வாசித்துப் பாருங்கள். எது போனால் பாட்டு அடையாளம் தெரியாமல் போகிறதோ, அதைத் தொடாதீர்கள். சில உருப்படிகளில் அது நடை, சிலவற்றில் ஸ்வரங்கள் தாண்டிப்போகும் விதம், சிலவற்றில் ஸ்வரத்தை ஆட்டி அசைக்கும் கமகம். கமகத்தில் உயிர் வைத்திருக்கும் தோடி, சஹானா, முகாரி, யதுகுலகாம்போதி எல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டாம். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கீபோர்டு ஒரு கார்டைப் பிடித்து நிறுத்தினால், ஆடும் ஸ்வரம் பிசகிய ஸ்வரமாகக் கேட்கும். பாடுபவர் மேல்தான் பழி விழும்.

நேராக நிற்கும் ஸ்வரங்கள் உள்ள, மத்தியம கால நடையில் ஓடும் பாட்டுகள் கைகொடுக்கும். ஹம்சத்வனியில் 'வாதாபி கணபதிம்', கதனகுதூகலத்தில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' இரண்டும் நல்ல தொடக்கம். கதனகுதூகலத்தின் ஆரோகணம் ச ரி ம த நி க ப ச என்று தாவித்தாவிப் போவதால் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்பு) மாதிரியே அமைகிறது. மேற்கத்திய உருப்படிதான் வேண்டுமென்றால் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது, இந்த வகைக் குழுவுக்கு ஏற்கெனவே பாதி வேலை முடிந்த மாதிரி.

உரிமை விஷயத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளுக்குக் கேள்வியே இல்லை. 1961-இல் மறைந்த மைசூர் வாசுதேவாச்சாரியாரின் உருப்படிகள் 2021 முடிவோடு பொதுவுக்கு வந்துவிட்டன. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களோ 2033 முடியும்வரை காப்பில் இருக்கும். பதிவு செய்து வெளியிட அனுமதி வேண்டும். எமர்சன், லேக் அண்ட் பால்மரில் கீபோர்டு வாசித்த எமர்சன், ஜினாஸ்டெராவின் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து ஒரு பகுதியை எடுத்தபோது, உயிரோடிருந்த அந்த இசையமைப்பாளரை ஜெனீவாவில் போய்ப் பார்த்து, பதிவைக் கேட்கவைத்து சம்மதம் வாங்கினார். வழி அதுதான். பழைய கீர்த்தனையிலும் ஒரு கண்ணி உண்டு: பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், ஆனால் நீங்கள் ஆசையாகச் சேர்த்துக்கொண்ட சிட்டைஸ்வரம் (பாட்டோடு பாடும் ஸ்வரக் கோவை) சமீபத்து வித்வான் ஒருவர் செய்ததாக இருக்கலாம்.

சுருதி

ஒத்திகைக்கு இடம் பிடிப்பதற்கு முன் சுருதியைப் பிடியுங்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டை, அதாவது சி முதல் டி வரை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை, ஆறு. ஜி, ஜி ஷார்ப், ஏ. கிட்டாருக்கு வசதி என்று பாட்டை 'இ'-க்குத் தள்ளினால் குரல் உடையும், மிருதங்கமும் வராது. ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை, மிஞ்சிப்போனால் ஒரு கட்டை அளவுக்குத்தான் ஏற்ற இறக்க முடியும். அதற்கு மேல் வேறு வாத்தியமே எடுத்துவர வேண்டும். எந்தச் சுருதி என்று முன்னாடியே சொல்லாமல் வித்வானை அழைத்துவிட்டு, அவர் வந்தபின் முழிப்பது வழக்கமாக நடக்கிறது.

இரண்டு கட்டைக்கு கிட்டாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று வைத்தால் கம்பிகள் ச ப ச ம ப ச என்று விழும். திறந்த கம்பியே தம்பூரா வேலையைச் செய்யும். ராகத்தில் மத்யமம் இல்லை என்றால் அந்த 'ம' கம்பியை ஒலிக்க விடாதீர்கள். ஒரு கட்டைக்கு இறக்கும்போது 10 கேஜ் கம்பி தொளதொளக்கும். 11 அல்லது 12 செட் போடுங்கள். ஐந்தரைக் கட்டைக்கு வழக்கமான ட்யூனிங்கிலிருந்து எல்லாக் கம்பியையும் ஒரே ஒரு செமிடோன், அதாவது அரைக் கட்டை, இறக்கினால் போதும்: தடித்த கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் சட்ஜம் கிடைக்கும். எலக்ட்ரானிக் தம்பூராவை காதால் சேர்க்காமல் ட்யூனரில் 440-க்கு வைத்துச் சேருங்கள். கீபோர்டு அங்கேதான் நிற்கும்.

கார்ட்ஸ்

அதிகம் சொதப்புவது இங்கேதான். முதல் விதி, கார்டில் ராகத்தின் ஸ்வரங்கள் மட்டுமே. ஹம்சத்வனியில் ச ரி க ப நி. சி-யைச் சட்ஜமாக வைத்தால் சி மேஜர், இ மைனர், ஜி மேஜர் மூன்றும் கிடைக்கும். எஃப் கிடையாது, ஏ மைனர் கிடையாது. கிட்டார் வாசிப்பவர் பழக்கதோஷத்தில் எஃப் மேஜருக்குப் போனால் ஒரே அடியில் மத்யமமும் தைவதமும் உள்ளே வந்து, ஹம்சத்வனி சங்கராபரணமாகிவிடும். மூன்று கார்டு போதாது என்று தோன்றினால் கார்டைக் கூட்டாமல் பேஸ் ஸ்வரத்தை மாற்றுங்கள்: ஒரே சி மேஜருக்குக் கீழே ச, க, ப என்று நகர்ந்தாலே நிறம் மாறும்.

இரண்டாவது, ஸ்வரங்கள் சரியாக இருந்தால் மட்டும் ராகம் ஆகாது. நளினகாந்தியின் ஏற்றம் ச க ரி ம ப நி ச. கிட்டார் சோலோவில் ச ரி க ம என்று நேரே ஏறினால் அது வேறு ஏதோ. சோலோ வாசிப்பவரிடம் ஸ்கேல் எழுதிக் கொடுக்காதீர்கள்; ராகத்தின் ஐந்தாறு பிடிகளைப் பாடிக் கொடுங்கள், அவற்றை வைத்து அவர் கட்டட்டும்.

மூன்றாவது, டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட். தம்பூராவின் சட்ஜத் தந்தியிலேயே ஒரு அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். அது கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. க்ளீன் டோனில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டிஸ்டார்ஷனில் முழு மேஜர் கார்டு அடித்தால் அது கரகரவென்று அடித்துக்கொள்ளும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான். ஆகவே டிஸ்டார்ஷனுக்கு சட்ஜம்-பஞ்சமம் மட்டும் உள்ள பவர் கார்டு; காந்தாரத்தைப் பாடகரிடமோ வயலினிடமோ விட்டுவிடுங்கள்.

கீபோர்டில் கமகம் வேண்டுமானால் பிட்ச் பெண்ட் வீச்சை இரண்டு செமிடோனில் வையுங்கள். பன்னிரண்டில் வைத்தால் விரல் கொஞ்சம் நடுங்கினாலும் ஊளையிடும். பதிவில் பிட்ச் திருத்தும் மென்பொருளைக் குரலின் பக்கமே விடாதீர்கள். கமகத்தைப் பிழை என்று நினைத்துப் படிக்கட்டாக வெட்டிவைக்கும்.

தாளம்

டிரம்மர் ஆதி தாளத்தை இரண்டு நான்கு-பை-நான்காக எண்ணி, 2-லும் 4-லும் ஸ்னேர் போட்டால் கணக்கு தவறாது. ஆனால் 4+2+2 என்ற உருவம் காணாமல் போகும். கிராஷ் சிம்பல் சமத்தில் மட்டும், அதாவது தாளத்தின் ஒரு சுற்று (ஆவர்த்தனம்) தொடங்கும் இடத்தில். ஐந்தாவது, ஏழாவது எண்ணிக்கைகளில், அதாவது துருதங்களின் தட்டு விழும் இடத்தில், ரைட் சிம்பலின் மணி. கால் ஹை-ஹாட் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும். பாடகர் கண்ணை மூடிக்கொண்டே தாளத்தில் நிற்கலாம்.

எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில், கவனம் தேவை. சமத்தில் தொடங்காத பாட்டில், முதல் எழுத்து விழும் இடத்தையே டிரம்மர் 'ஒன்று' என்று எடுத்துக்கொள்வார். அப்படியே பத்து ஆவர்த்தனம் நன்றாகவே போகும். மிருதங்கக்காரர் ஒரு தீர்மானம் (மூன்று முறை வந்து முடியும் கோவை) வைக்கும்போது எல்லாரும் வெவ்வேறு இடத்தில் இறங்குவார்கள். க்ளிக் டிராக்கில் சமத்துக்குத் தனி ஒலி வையுங்கள். வாத்தியத்தைத் தொடும் முன், எல்லாரும் கையால் தாளம் போட்டுப் பல்லவியைப் பாடட்டும், பேஸ்காரர் உட்பட. கூச்சமாகத்தான் இருக்கும்.

மிஸ்ர சாபு ஏழுதான், ஆனால் 3+2+2. ராக்கில் ஏழு-பை-எட்டு பெரும்பாலும் 2+2+3. கையில் பழகிய அந்த 2+2+3-ஐ அப்படியே போட்டால் சாகித்தியத்தின் அழுத்தங்கள் தலைகீழாகும்.

ரிஃப் கட்டுவதற்கு ஒரு கணக்கு. சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை) ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஏழு மாத்திரை ரிஃபை நான்கு முறை வாசித்து நான்கு மாத்திரை நிறுத்தினால் 28+4, சமத்துக்கு வந்துவிடும். தீர்மானத்துக்கு எட்டு மாத்திரைப் பிடி மூன்று தரம், நடுவில் நான்கு மாத்திரை இடைவெளி இரண்டு: 24+8. எடுப்பு சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி இருந்தால் 34 தேவை. பத்து மூன்று தரம், இடைவெளி இரண்டு இரண்டு. டிரம்ஸும் மிருதங்கமும் இதைச் சேர்ந்து வாசிக்கும்போதுதான் இந்தக் கூட்டணிக்கே ஒரு அர்த்தம் வருகிறது என்பது எங்கள் கட்சி.

ரிஃபுக்காகச் சொல்லைப் பாதியில் வெட்டிச் சுழற்றாதீர்கள். தெலுங்கோ சமஸ்கிருதமோ, பதம் பிரித்துத் தெரிந்துகொண்டபின் எங்கே நிறுத்தலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையும் மேடையும்

ஜாம் ரூம் மணிக்கணக்கு வாடகை. தாளமும் எடுப்பும் வீட்டில் முடிந்திருக்க வேண்டும். ஒயிட்ஃபீல்டு, அல்சூர், பனசங்கரி என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தால் வார நாள் மாலையை மறந்துவிட்டு ஞாயிறு காலையைப் பிடியுங்கள். ராமநவமி உற்சவக் கச்சேரிகள் நடக்கும் வாரங்களில் மிருதங்க வித்வானிடம் தேதி கேட்காதீர்கள். சாமராஜபேட்டையிலும் மற்ற இடங்களிலும் அவருக்கு வேலை இருக்கும்.

மிருதங்கத்துக்கு வலந்தலை (வலது முகம்), தொப்பி (இடது முகம்) இரண்டுக்கும் தனித்தனி மைக். தொப்பியின் கும்காரமும் கிக் டிரம்மும் பேஸும் ஒரே தாழ்ந்த பகுதியில் மோதும். மிருதங்கம் முன்னால் வரும் இடங்களில் கிக்கைக் குறைத்து, பேஸ் நீண்ட ஸ்வரமாக நிற்கட்டும். ஈக்வலைசரில் மட்டும் சரிசெய்ய முயன்றால் மூன்றும் மெலிந்துபோகும். ஏசி அரங்கில் தொப்பியில் ஒட்டிய ரவை சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். பாட்டுகளுக்கு நடுவே சுருதி சேர்க்க இரண்டு நிமிடம் பட்டியலிலேயே ஒதுக்குங்கள். அந்த நேரம் கீபோர்டு ஒரு நீண்ட சட்ஜத்தை வைத்திருக்கலாம்.

திறந்தவெளி நிகழ்ச்சியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். பன்னிரண்டு நிமிட உருப்படியை 9.50-க்கு ஆரம்பித்தால் சரணத்தின் நடுவில் மின்சாரம் போகும். தனி ஆவர்த்தனம் இல்லாத, ஒரே சோலோ உள்ள ஆறு நிமிடப் பதிப்பு ஒன்றையும் பழகிவையுங்கள். எங்கிருந்து எங்கே தாவுவது என்பதற்கான சைகையை மிருதங்கக்காரர் கொடுக்கட்டும்.