மட்டக்களப்பை ஆறுதலாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்புக்கு முதல் தடவை வருகிற பலர் பாசிக்குடாக் கடற்கரையில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள், ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இது ஊருக்குள் இரண்டு நாள் தங்க நினைப்பவர்களுக்கான குறிப்பு. பட்டியல் போட்டு ஓடினால் அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். மெல்ல நடந்தால்தான் இங்கே யார் யார் எப்படிக் கலந்து வாழ்கிறார்கள் என்பது பிடிபடும்.

படி 1: மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரிமழை, வேண்டாம். மார்ச் முதல் செப்டெம்பர் வரை வரலாம். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் மத்தியானம் அனல் அடிக்கும். சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கள். வைகாசியில் வந்தால் சுற்றுவட்டார ஊர்களில் கண்ணகி அம்மன் சடங்கு பார்க்கக் கிடைக்கும்.

படி 2: ரயிலில் வாருங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து பொலன்னறுவை வழியாக ரயில் உண்டு. பயணம் நீளம்தான், ஆனால் மன்னம்பிட்டியில் மகாவலி ஆற்றைத் தாண்டும் காட்சி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருபவருக்குத் தவறிப்போகும். நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

படி 3: காலையில் புளியந்தீவு

நாலாபுறமும் வாவி சூழ்ந்த பழைய நகரம் இது. கோட்டையில் தொடங்குங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த முதல் கோட்டை இதுதான். வாவிப்பக்க மதிலோரம் நின்றால், ஏன் இந்த இடத்துக்கு அடிபட்டார்கள் என்று தானாக விளங்கும்.

அங்கிருந்து காந்தி பூங்கா நடைதூரம். 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையும் அந்தப் பக்கம்தான். தேவாலயங்களை உள்ளே போய்ப் பாருங்கள், செருப்பை வாசலில் விடுங்கள். இந்தத் தெருக்களில் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்களையும் சந்திக்கலாம். தமிழில் சரளமாகப் பேசுவார்கள். முதியவர்கள் சிலர் வீட்டுக்குள் போர்த்துக்கேயம் கலந்த தங்கள் மொழியைப் பேசுவார்கள். அவர்களின் கலியாணத்துக்கு அழைப்புக் கிடைத்தால் மறுக்காதீர்கள். வயலின் இசைக்கு ஜோடி ஜோடியாக ஆடும் ஆட்டத்தை வேறெங்கு பார்ப்பது!

படி 4: பின்னேரம் கல்லடி

1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் நடங்கள். பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம். வாவிக்குள்ளிருந்து வரும், மீன் பாடுவதாகச் சொல்லப்படும் ஓசையை, அதாவது பாடும் மீனைக் கேட்க ஆசை என்றால் நிலவு நாளில் வள்ளம் பேசுங்கள், கூலியை ஏறுமுன் தீர்த்துக்கொள்ளுங்கள். துடுப்பின் ஒரு நுனி தண்ணீரில், மறு நுனி காதில். எல்லாருக்கும் கேட்டுவிடாது, இரைச்சல் இல்லாத நேரமாக இருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 சுனாமி சாய்த்த கோபுரம். அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

படி 5: அடுத்த நாள் காத்தான்குடி

தெற்கே கொஞ்சத் தூரம், பஸ்ஸோ ஓட்டோவோ போதும். வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் தெரிந்தால் வந்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும், அதைத் தவிர்த்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு நல்லது.

பூர்வீக நூதனசாலையைப் பார்த்தபின் யாரிடமாவது குடிவழி பற்றிப் பேச்சுக் கொடுங்கள். இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் உண்டு. வீட்டை மகளுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். கோயிலும் பள்ளிவாசலும் வேறு, வீட்டு வழக்கம் ஏறக்குறைய ஒன்று. எந்தக் கோட்டையையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

படி 6: தயிர்

எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்குங்கள். மேலே ஆடை படர்ந்திருக்க வேண்டும். சட்டியைச் சற்றுச் சரித்தால் தயிர் அசையக் கூடாது, ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் வேறு சட்டி கேளுங்கள். “பாணி வேணுமா மனே?” என்று கடைக்கார அம்மா கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள், அது தயிரில் ஊற்றிச் சாப்பிடும் இனிப்புப் பாகு. ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ரயில் ஏறும் நாளில் வாங்கினால் போதும். முதல் நாளே வாங்கி வைத்தால் புளித்துவிடும்.