கண்மாய் மண்ணில் ஸ்போர் எண்ணுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் மண்ணெடுத்து, அதிலுள்ள மகரந்தத்தையும் ஸ்போரையும் (பெரணி போன்ற பூக்காத செடிகள் பரவ விடும் நுண்துகள்) நுண்ணோக்கியில் எண்ணிப் பழைய தாவரங்களைத் தேட வரும் புதியவர்கள் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். பையில் ஆழத்தைக் குறிக்க மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பெரணி ஸ்போர் நிறைய இருந்தால் ஈரக்காடு என்று எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வைகைத் தண்ணீர் வரும் ஒரு கண்மாயின் மண்ணை எடுத்துவந்த மாணவி, "இங்கே ஈரக்காடு இருந்திருக்கு சார்" என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். ஸ்லைடில் பாதிக்கு மேல் பெரணி ஸ்போர்தான். ஆனால் பக்கத்தில் கிடந்த புல் மகரந்தங்களைப் பாருங்கள்: கசங்கி, ஓரம் அரித்து, சில வெறும் நிழலாக. ஸ்போர்கள் மட்டும் தடித்த சுவரோடு முழுசாக இருந்தன.

மகரந்தத்தின் வெளிச்சுவர் அமிலத்துக்கு அசையாது; காற்றுக்குத் தோற்றுவிடும். கண்மாய் கோடையில் வறண்டு வெடிக்கிறது, காற்று உள்ளே இறங்குகிறது, மழையில் மறுபடி நனைகிறது. வருடாவருடம் இப்படியே நடந்தால் மெல்லிய மகரந்தம் முதலில் அழியும், பெரணி ஸ்போர் கடைசிவரை தாங்கும். ஸ்போர் கூடவில்லை, மற்றவை போய்விட்டதால் அதன் சதவீதம் ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, வைகை வருசநாட்டு மலையிலிருந்து வருகிறது. வெள்ளத்தோடு மலைப் பெரணியின் ஸ்போரும் வந்திருக்கலாம்.

அதனால் சிதைந்த மகரந்தத்தைத் தனிக் கட்டத்தில் எண்ணுங்கள். லைக்கோபோடியம் என்ற செடியின் ஸ்போர் எண்ணிக்கை தெரிந்த மாத்திரையை மண்ணோடு போட்டு, அதை அளவுகோலாக வைத்து, ஒரு கிராம் மண்ணில் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஸ்போர் சதவீதம் ஏறும்போது மொத்த மகரந்தம் சரிந்தால், முதலில் அழிவைச் சந்தேகப்படுங்கள். அந்தப் பெண்ணிடம் மறுபடி பார்க்க மண்ணே மிச்சமில்லை. முழுவதையும் அமிலத்தில் போட்டிருந்தார். பாதியைக் குளிரில் வையுங்கள்.

மாத்திரையின் ஸ்போரை உள்ளூர்க் கணக்கில் சேர்ப்பது

லைக்கோபோடியத்தின் வலைப்பின்னல் முகத்தை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள்.

அசிட்டோலிசிஸ் கலவையில் ஈரம்

அசிட்டோலிசிஸ் என்பது மகரந்தச் சுவர் மட்டும் மிஞ்ச, மற்றதை அமிலக் கலவையில் கரைப்பது. அதில் ஈரம் கூடவே கூடாது. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தில் கழுவி நீரை எடுத்த அப்புறம்தான் கலவை.

வெண்கண்டலைக் குறைத்து மதிப்பிடுவது

காரங்காட்டின் அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் அடர்ந்து நிற்கிறது. பூச்சிகள் மகரந்தம் சேர்க்கும் மரம் அது, சேற்றில் கொஞ்சமே விழும். இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னையின் காற்றில் பரவும் மகரந்தமோ அள்ளிக் கொட்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். இன்றைய மேல்சேற்றை எண்ணிப் பார்த்துவிட்டு ஆழத்துக்குப் போங்கள்.

ஆழத்தில் சவுக்கு

இந்தக் கரையில் சவுக்கு தோப்பாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டிலிருந்துதான். பழைய அடுக்கில் அது தெரிந்தால், குழாய் இறக்கி எடுத்த மண்ணில், மேல்மண் ஒட்டிய வெளிப்பக்கத்தைச் சுரண்டி நீக்கினீர்களா என்று முதலில் கேளுங்கள்.